றிட்டேர்ண் அக்கா

ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் தொடர்மாடியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் முழிப்பார்கள். றிட்டேர்ண் அக்கா எங்கே என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட ஏழாம் மாடியைக் கைகாட்டும். அந்தப் பட்டத்தை வைத்த புண்ணியவதி நான்தான். எனக்கு வாய் சும்மா கிடக்காது என்பது ஊரறிந்த விஷயம்.

காரணம் இல்லாமல் வைக்கவில்லை. ஒரு கலியாண வீட்டுக்குச் சேர்ந்து போவோம். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பிள்ளையின் கை இன்னும் கீழே இறங்கியிருக்காது. அக்கா என் காதருகே குனிந்து, எத்தினை மணிக்குத் திரும்பிறம் என்று கேட்பார். பொம்பிளை மாப்பிளையை நாங்கள் இன்னும் கண்ணாலே கண்டிருக்க மாட்டோம். சந்தனத்தைத் தொடுவதா, இவருக்குப் பதில் சொல்வதா? கோயில், பிறந்தநாள், சாமத்திய வீடு, ஸ்டோவ்னர் கடைத்தொகுதி, எங்கே போனாலும் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும். ஒன்பது என்று சொல்லிவிட்டால் ஒன்பதுக்கு எழும்பிவிடுவார். ஐஸ்கிறீம் அப்போதுதான் மேசைக்கு வந்துகொண்டிருக்கும்.

பட்டம் வைத்தது காதில் விழுந்தும் அவர் கோபிக்கவில்லை. "நல்ல பேர்தான், போறதை விட வாறதுக்குத்தானே ஆள் தேவை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கிண்டல் பண்ணுகிறவளுக்கு இதைவிடத் தோல்வி கிடையாது.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. மெல்லிய ஆள், நீளமான கைகள், விரல் நுனிகள் எந்நேரமும் ஊறிச் சுருங்கியிருக்கும். கணவர் இல்லை. அதைப் பற்றி அவரும் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஒரே மகள் படித்து ட்ரொண்ட்ஹைமில் வேலைக்குப் போய்விட்டாள். கடைசியில் அக்காவும் அங்கேயே போய்விட்டார். ஏழாம் மாடியில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. மின்தூக்கியில் ஏழாம் இலக்கத்தை யாராவது அழுத்தினால் இன்றைக்கும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அவரை எனக்கு ஒழுங்காகத் தெரியவந்ததே ஒரு சண்டையில்தான். எங்கள் பகுதித் தமிழ்ப் பெண்கள் எட்டுப் பேர் அக்காவோடு சனிக்கிழமைகளில் பின்காட்டுக்குள் நடக்கப் போவோம். ஒருமுறை காட்டுக்குள் இருக்கிற குடில் ஒன்றுக்குப் போவதென்று முடிவு. அங்கே சுடச்சுட வாஃபல் கிடைக்கும், மேலே பழுப்பு நிறச் சீஸ் வைத்துத் தருவார்கள். எனக்கு நடையில் ஒரு ஆசையும் இல்லை, வாஃபலில்தான் முழு ஆசையும். புறப்படும்போதே அக்கா கேட்டார், நாங்களும் பழக்கதோஷத்தில் ரெண்டு மணி என்று சொல்லி வைத்தோம். இலையுதிர்காலச் சேறு. வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருக்கையில் எதிரே வந்த நோர்வேக்காரர் ஒருவர் இன்னும் பத்து நிமிடம்தான் என்று நல்வாக்குச் சொன்னார். அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். ரெண்டு மணி, திரும்புவம் என்றார்.

நான் வெடித்துவிட்டேன். உங்களோடு வருவதற்கு வீட்டில் இருந்து சுவரைப் பார்க்கலாம் என்றேன். அதைவிட மோசமாகவும் ஏதோ சொன்னேன், எழுத முடியாது. அவர் திரும்பி நடந்தார். வழி தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்பதால் எட்டுப் பேரும் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனோம். காட்டை விட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதும் வெயில் பளிச்சென்று எறித்துக்கொண்டிருந்தது. பாருங்கள், வெளிச்சம் அப்படியே இருக்கிறது என்று விடாமல் குத்தினேன். "ஓம், இருக்கு. நல்லது" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் யோசித்தேன். பாதி வழியில் திரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரு சாட்டுச் சொல்வார்கள். முழங்கால் நோகுது, பிள்ளை போன் எடுத்தது, மழை வரும்போல இருக்கு. நானும் அப்படித்தான். இவர் ஒரு சாட்டும் சொல்லவில்லை. தான் செய்தது சரி என்றும் வாதாடவில்லை. எட்டுப் பேர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, வெட்கமில்லாமல், நேராகத் திரும்பி நடந்தார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த நாள் இடியப்பமும் சொதியும் கொண்டு ஏழாம் மாடிக்கு ஏறினேன்.

அவருடைய குசினிச் சுவரில்தான் அந்த வரைபடத்தை முதன்முதலில் கண்டேன். அமெரிக்காவின் மேற்குப் பக்கம். யூற்றா, அரிசோனா, நடுவில் வெறும் பழுப்பு. அதில் சிவப்புப் பேனையால் சின்னச் சின்ன வட்டங்கள். இதென்ன, நோர்வேயில் மலை இல்லையா, காடு இல்லையா, எதற்கு அந்தப் பாலைவனம் என்று கேட்டேன்.

"காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் ஈரத் துணி. வெளியிலை வந்தா மழை, இல்லாட்டிச் சினோ கொட்டும். ஒருக்கா எண்டாலும் முழுக்கக் காஞ்சுபோன இடத்தைக் கையாலை தொட்டுப் பார்க்க வேணும்" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் சொன்னபோது எனக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. என் கணவருக்கு வாகனம் ஓட்டுவதென்றால் உயிர். வீட்டோடு ஓடும் வாகனம் என்றதும் அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. நோர்வேயில் அதை பூபில் என்பார்கள். லாஸ் வேகாஸில் ஒரு பூபில் வாடகைக்கு எடுப்பது, மூன்று பேரும் பள்ளத்தாக்குப் பூங்காக்களைச் சுற்றி வருவது என்று முடிவாயிற்று.

அதன்பிறகு மூன்று மாரிகாலம் அந்தக் குசினியில்தான் கழிந்தது. அப்படி ஒரு திட்டமிடலை நான் கண்டதில்லை. வேலையிடத்து நோர்வேக்காரியின் பூபிலை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கி, முகாம் இடத்தில் நிறுத்தி, கழிப்பறைத் தாங்கியைக் கழற்றி ஊற்றுவது எப்படி என்று மூன்று பேரும் பழகினோம். முதல் தடவை என் கணவர் குமட்டிக்கொண்டு ஓடினார், அக்கா மூக்கைப் பொத்தாமல் செய்து காட்டினார். ஆளுக்கு ஆறு லீற்றர் தண்ணீரை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் ஒன்பது மாடிப் படிகளை ஏறி இறங்கப் பண்ணினார். அயலவர்கள் மின்தூக்கி பழுதாகிவிட்டதாக்கும் என்று பராமரிப்பாளருக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டார்கள். புட்டுக்குழல் வருமா வராதா என்று ஒரு முழுப் பின்னேரம் விவாதம். வந்தது.

எல்லாமே ஒரு நீலக் கோப்புக்குள் அவருடைய வடிவான கையெழுத்தில் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள். எங்கே தங்குவது, எவ்வளவு தண்ணீர், எங்கே பெற்றோல், எவ்வளவு தூரம். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, 'திரும்பிற இடம்'. சுவரிலிருந்த சிவப்பு வட்டங்களின் அர்த்தம் அதுதான். மற்றவர்கள் பார்க்கப் போகிற இடத்துக்கு வட்டம் போடுவார்கள். இவர் எந்த இடத்தில் திரும்பினால் பத்திரமாக வந்து சேரலாம் என்று பார்த்து அதற்கு வட்டம் போட்டிருந்தார்.

தூரத்தை அவர் மில்லில்தான் எழுதுவார். நோர்வேயில் பத்துக் கிலோமீற்றரை ஒரு மில் என்பது வழக்கம். அமெரிக்க மைல்களையெல்லாம் அவர் உட்கார்ந்து மில்லுக்கு மாற்றினார். மைல் என்றால் தனக்கு ஒன்றும் உறைக்காது, ஒரு மில் என்றால் இஞ்சையிருந்து கிட்டத்தட்டப் பட்டினத்துக்குப் போகிற தூரம் என்று காலுக்கே தெரியும் என்பார். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன்.

இந்தத் திரும்புகிற பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் பெண்களிடையே பல கதைகள். ஊரில் சண்டை, ஓட்டம், இடப்பெயர்வு, அதுதான் என்று எல்லோரும் தீர்த்து வைத்திருந்தார்கள். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது நேரே கேட்டுவிட்டேன். அக்கா சிரித்தார். சண்டை என்றால் எங்கள் எல்லோருக்கும்தானே பொருந்தும், நீர் ஏன் ஐஸ்கிறீம் முடியும்வரைக்கும் இருக்கிறீர் என்று கேட்டார். பிறகு சொன்னார்.

நோர்வேக்கு வந்த முதல் மாரி. மகளைப் பார்னஹாகேயில், அதாவது பாலர் பள்ளியில், விட்டிருந்தார். பின்னேரம் பட்டினத்திலிருந்து அவளை எடுக்க வரும்போது டி-பான என்கிற நிலக்கீழ் ரயிலில் எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டார். இரண்டாவது தரிப்பிடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வண்டி நிறையச் சனம். இறங்கி மறுபக்க மேடைக்குப் போனால் இவளுக்கு வழி தெரியவில்லை என்று எல்லோரும் நினைப்பார்களே என்ற வெட்கம். அதனால் அந்தப் பக்கம் அலுவல் இருக்கிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசித் தரிப்பிடம்வரைக்கும் போனார். அங்கேயும் யாரோ பார்ப்பார்கள் என்று கொஞ்ச நேரம் யாருக்கோ காத்திருப்பதுபோல நின்றார்.

"நான் போய்ச் சேர பூட்டி ஒரு மணித்தியாலம். ஒரு வேலைக்காரப் பிள்ளை மட்டும் நிண்டது. மகள் அழேல்லை. சினோ உடுப்பு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வாங்கிலிலை இருந்தவள். உள்ளுக்குள்ளை, அந்தச் சூட்டுக்குள்ளை, ஒரு மணித்தியாலம் கையுறையோடை."

நான் பார்னஹாகேயில் வேலை செய்கிறவள். அப்படிப் பிந்தி வருகிற அம்மாக்களை எத்தனை தடவை முகத்தைச் சுளித்துப் பார்த்திருப்பேன்.

பயணத்தில் எல்லாப் பூங்காக்களையும்விட அவருக்கு ஓரிடம்தான் முக்கியம். செம்மணற்பாறை அலை அலையாக மடிந்து கிடக்கிற ஒரு பள்ளம். அதன் படத்தை முதியோர் இல்லத்துக் கிழவி ஒருவர் தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம், துவைத்த துணியை அடுக்க உள்ளே போகும் நேரமெல்லாம் அக்கா அதைப் பார்த்திருக்கிறார். மடித்து வைத்த விரிப்புகள் மாதிரி இருக்கிறது என்று சொல்வார். அங்கே நாளுக்குச் சிலருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கல். மதிய உணவு இடைவேளையில், சலவை இயந்திரங்களுக்கு நடுவில் இருந்து போனில் விண்ணப்பிப்பார். இல்லை என்று பதில் வரும். மறுபடி போடுவார். மூன்று வருடம் இல்லை, இல்லை என்றே வந்தது.

ஒரு பெப்ரவரி மத்தியானம் பிள்ளைகளோடு சினோவில் நின்றுகொண்டிருந்தேன். பார்னஹாகே வேலிக்கு வெளியே அக்கா நின்றார். வேலை உடுப்போடு, மேற்சட்டைகூட இல்லாமல், போனை வேலிக்கு மேலால் என்னை நோக்கிப் பிடித்துக்கொண்டு. தூரத்தில் எனக்கு எழுத்துத் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கிடைச்சிட்டுது, மூண்டு பேருக்கும் கிடைச்சிட்டுது என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை.

குறித்த நாளுக்கு முதல்நாள் பின்னேரம் நாலு மணிக்குள் அங்குள்ள அலுவலகத்தில் நேரில் நின்று அனுமதிச்சீட்டை எடுக்க வேண்டும். நாலு தாண்டினால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த நாளுக்கான தாளில் அக்கா இதைச் சிவப்பில் மூன்று தடவை அடிக்கோடிட்டிருந்தார்.

அமெரிக்காவில் முதல் எட்டு நாளும் நான் ஒரு புது மனுசியோடு பயணம் செய்ததாகவே எனக்குத் தோன்றியது. விடிய முதல் எழுப்பிவிடுவார். தலையில் ஈரத் துவாய், கையில் தடி, முன்னால் நடப்பார். ஒவ்வொரு பாறையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், கொடியில் கிடக்கும் விரிப்புக் காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்ப்பதுபோல. எவ்வளவு காஞ்சு கிடக்கு பாரும், என்று சந்தோசமாகச் சொல்வார். செங்குத்தான ஒரு மலைமுனைக்குப் போகிற வழியில் சிவப்பு வட்டம் வந்ததும் நின்றுவிட்டார். மேலே ஏறிக்கொண்டிருந்த இளசுகள், வாருங்கள், உங்களால் முடியும் என்று கத்தி உற்சாகப்படுத்தினார்கள். அக்கா அவர்களுக்குக் கைதட்டினார். பிறகு நிழலில் உட்கார்ந்து சுருட்டி வைத்த ரொட்டியைச் சாப்பிட்டார். அன்றைக்கு அந்த மலையில் அவரைவிடச் சந்தோசமான ஆள் இருந்திருக்க முடியாது.

ஒன்பதாம் நாள்தான் அலுவலகத்துக்குப் போய்ச் சீட்டு எடுக்கவேண்டிய நாள். காலையிலிருந்து அக்காதான் ஓட்டினார். வெயிலில் தலையிடி வந்துவிட்டது. ஒரு மணித்தியாலம் சரிகிறேன், நீங்கள் பாருங்கோ என்று தாள்கள் இருந்த அந்த நீலக் கோப்பை என் மடியில் வைத்துவிட்டுப் பின்கட்டிலில் போய்ப் படுத்தார். என் கணவர் ஓட்டினார். பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்ன ஊர் வந்தது, அதில் ஒரு பெற்றோல் நிலையம். முள்ளு கால்வாசியில் நிற்கிறது, இதில் அடிப்பமோ என்று அவர் கேட்டார். நான் தாளைப் பார்த்தேன். 'அடுத்த பெற்றோல் 16 மில்' என்று இருந்தது. அதற்கு முன்னாலேயே 'இதில் நிரப்பவும்' என்று ஒரு வரி இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

ஒன்பது நாளாக வீதிப் பலகையிலெல்லாம் மைல், மைல், மைல். என் கண்ணுக்கு அது மைலாகவே தெரிந்தது. பதினாறு மைல்தான், போய் அங்கே அடிப்பம் என்று சொல்லிவிட்டேன்.

பதினாறு மைல் முடிந்தது. ஒன்றுமில்லை. வலமும் இடமும் சிவப்பு மண், பற்றை, வானம். இருபது ஆயிற்று. இருபத்திரண்டாவது மைலில் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மில். அக்காவின் வடிவான மில். நூற்றறுபது கிலோமீற்றர், அதாவது நூறு மைல்.

இதை நான் நேர்மையாக எழுத வேண்டும். அந்த நிமிடத்திலேயே எனக்கு எல்லாம் தெரியும். அந்த இடத்தில் திருப்பினால் அரை மணித்தியாலத்தில் பெற்றோல் நிலையம், நிரப்பிக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் அலுவலகத்துக்குப் போய்விடலாம். வாயைத் திறந்தால் போதும். நான் திறக்கவில்லை. என் கணவர் பக்கத்தில், ஒரு எழுத்தைக்கூட ஒழுங்காக வாசிக்கத் தெரியாதோ என்று கேட்பாரே. அக்கா மூன்று வருடம் எழுதிய தாளை ஒரு பார்வையில் கெடுத்துவிட்டேனே. தாளில் இல்லாத ஒரு கடை இடையில் வராதா, ஒரு வளைவு தாண்டினால் தெரியாதா என்று வீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருபத்தாறு மைல் அப்படிப் போனது. வீதி ஏறிக்கொண்டே இருந்தது. முள்ளு இறங்கிக்கொண்டே இருந்தது.

நாற்பத்தெட்டாவது மைலில் என் கணவர்தான் வண்டியை ஓரம்கட்டினார். அக்கா எழும்பி வந்தார். முள்ளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மில்லை மைல் எண்டு வாசிச்சிட்டீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

கதவைத் திறந்து இறங்கினோம். சூடு முகத்தில் அறைந்தது. போனில் ஒரு கோடும் இல்லை. என் கணவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்னாலும் ஐம்பது மைல், பின்னாலும் ஐம்பது மைல். இருக்கிற பெற்றோலுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். முன்னால் போனால் நாலு மணிக்கு முதல் அனுமதிச்சீட்டு. பின்னால் போனால் எல்லாம் போச்சு. "முன்னுக்குப் போவம் அக்கா, அடிச்சுப் பிடிச்சு நான் கொண்டுபோய்ச் சேர்ப்பன்" என்று கெஞ்சினார். மூன்று வருடம் அந்தச் சீட்டுக்காக அவர் காத்திருந்ததை என் கணவரும் பார்த்தவர்தானே.

அக்கா வீதியின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். முன்னால் வீதி மலைக்குள் ஏறிப் போனது. கொஞ்ச நேரம், மெத்தக் கொஞ்ச நேரம்தான், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கால ஏத்தம். இஞ்சால இறக்கம். அந்தப் பெற்றோல் நிலையத்தைத் தம்பி கண்ணாலை கண்டவர், அங்காலை இருக்கிறதை நான் பேப்பரிலைதான் கண்டனான். இந்த வெயிலுக்குள்ளை உங்கள் ரெண்டு பேரையும் நிப்பாட்டி வைக்க ஏலாது. திரும்புவம்."

சாட்டு இல்லை, பெருமூச்சுக்கூட இல்லை. ஓட்டுநர் இருக்கையில் தானே ஏறினார். குளிரூட்டியை நிறுத்திவிட்டு, இறக்கத்தில் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். எரிபொருள் விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கிக் கனநேரத்துக்குப் பிறகு பெற்றோல் நிலையம் வந்தது. நிரப்பி முடிய இரண்டரை, நூறு மைல் தள்ளி இருக்கிற அலுவலகத்துக்கு இனி நாலு மணிக்குள் போய்ச்சேர வழியில்லை. அங்கிருந்து அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கம் இருந்தவர் அன்பாகத்தான் கதைத்தார், ஆனால் விதி விதிதான். அக்கா நன்றி சொல்லி வைத்தார். பிறகு, சரி, தேத்தண்ணி போடுவம் என்றார்.

அடுத்த நாள் நிறைந்த தாங்கியோடு அதே வீதியால் போனோம். என் கணவர் முள்ளையும் மைலையும் குறித்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கத்துப் பெற்றோல் நிலையத்தில் நிறுத்திவிட்டு, நேற்றுப் போயிருந்தால் கடைசிச் சொட்டோடு வந்து சேர்ந்திருப்போம் என்று சொன்னார். பாவம், வேண்டுமென்று சொல்லவில்லை. அக்கா, "ஓம் தம்பி, சேர்ந்திருப்பம்" என்றார். அந்த ஓமில் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் ஒரு பாறையையும் தொடவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

ஒஸ்லோவுக்கு வந்தபின் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பிறந்தநாள் விழா. அமெரிக்கா வரைக்கும் போனீங்கள், அந்தப் பெரிய இடம் பார்க்காமல் வந்தீங்களாமே என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாதி வழியில் திரும்பிவிட்டோம் என்று அக்கா சொன்னார். ஏன், ஆர் விட்ட பிழை என்று ஒருத்தி தோண்டினாள். கையில் றோல்ஸ் தட்டோடு நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ரை பிழைதான். அமெரிக்காவுக்குப் போகேக்கை ஆரும் மில்லிலை எழுதுவினமோ? ஒரு கொம்பு குறைஞ்சா ஆர் எண்டாலும் மைல் எண்டுதான் வாசிப்பினம்" என்று சொல்லிச் சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் றோல்ஸ் தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினேன். பிழையாக வாசித்ததுகூடப் பெரிய விஷயமில்லை, அது யாருக்கும் வரும். அந்த இருபத்தாறு மைல்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது. ஒரு மாரிகாலம் முழுக்க அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவரோடு தேநீர் குடித்தேன், சனிக்கிழமைகளில் நடந்தேன், சிரித்தேன். சோறு செமிக்காததுபோல அது அங்கேயே கிடந்தது.

மார்ச் மாதம் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில், மரக்கறிப் பைகளோடு வாங்கில் இருக்கும்போது சொல்லிவிட்டேன். ஏன் அன்றைக்கு என்று தெரியாது. அக்கா, எனக்கு முதலே தெரியும், பார்த்துக்கொண்டே பேசாமல் வந்தனான் என்றேன்.

"எத்தினையாவது மைலிலை தெரிஞ்சது?" என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். உதடுகள் அசைந்தன. நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறார் என்று விளங்கியது.

"அப்ப, நேரம் இருந்திருக்கு" என்றார்.

அவருடைய கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை. நீளமான கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, போகிற வருகிற சனத்தைப் பார்த்தபடி இருந்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. விடும் என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு தனியாக எழுந்து போனார்.

அதன்பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. மின்தூக்கியில் கண்டால் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சனிக்கிழமை நடைக்கு வரவில்லை. கணவரிடம் கொழுக்கட்டை கொடுத்து அனுப்பினேன். பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல். எங்கள் ஆட்கள் வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த வெறும் பாத்திரத்தைக் குசினி மேசையில் வைத்துவிட்டு நான் விம்மி விம்மி அழுதேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு மனம், இல்லை என்று ஒரு மனம்.

மூன்று கிழமை அப்படிப் போயிற்று. ஒரு ஞாயிறு காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கிறன். அந்த இடத்தை நினைச்சா நெஞ்சு எரியுது. உம்மிலை பிழை இல்லை எண்டு சொல்ல நான் வரேல்லை" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"இந்தக் கோவத்தோடை எவ்வளவு தூரம் போகலாம் எண்டு மூண்டு கிழமையாப் பார்த்தனான். நல்ல தூரம் போகலாம், சாகுமட்டும் போகலாம். ஆனா இதுக்கு அங்காலை போனா, பிறகு உம்மட்டைத் திரும்பி வர எனக்கு ஏலாமல் போயிடும். அதுதான் இதிலை திரும்பிறன்."

ஊரறிந்த வாய், ஒரு சொல்லும் வரவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றேன். அக்கா குனிந்து, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.